பொன் சிம்மாசனமும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மக்கள் உள்ளத்தில் தோன்றுபவன் தேசிங்குராஜனே. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறியதொரு குதிரைப்படை கொண்டு எதிர்த்து உயிர் துறந்த அவ்விளைஞனின் கதையைக் கூத்தும் பாட்டுமாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் போற்றி வந்துள்ளன. போற்றத்தக்க வீரமே அது. ஆயினும் அக்கதையின் பேரொளியில், அதற்கு 37 ஆண்டுகட்கு முன்னர் இதே கோட்டைக்குள் அடியெடுத்து வைத்த மற்றொரு மாமன்னரின் வரலாறு சற்றே மங்கிவிட்டது. சத்திரபதி சிவாஜி மகாராஜாவே அம்மன்னர். அவரை இத்துணைத் தொலைவு தெற்கே வரச் செய்த காரணங்களுள் ஒன்று, மூன்று ஆண்டுகட்கு முன் ராய்கட் மலைமீது நடந்தேறிய ஒரு பெருவிழாவின் செலவு என்றால், கேட்போர்க்கு வியப்பாகவே இருக்கும்.

சிவாஜியின் குடும்பத்துக்குச் செஞ்சி முற்றிலும் அயலூர் அன்று. அவர் தந்தையார் ஷாஹாஜி போன்ஸ்லே பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகக் கர்நாடக நாடெங்கும் படை நடத்தியவர். 1648-ஆம் ஆண்டில் பீஜப்பூர்ப் படை செஞ்சியைச் சூழ்ந்திருந்த காலையில், ஜூலைத் திங்களில், அப்பாசறையிலேயே ஷாஹாஜி கைது செய்யப்பட்டார். தலைமைத் தளபதி முஸ்தபாகானோடு ஏற்பட்ட பிணக்கு ஒருபுறம். மேற்கே சஹ்யாத்திரி மலைகளில் அவருடைய மகன் சுல்தானின் கோட்டைகளைக் கவரத் தொடங்கியிருந்தது மற்றொருபுறம். அப்பொழுது சிவாஜிக்கு வயது 18. தந்தையின் உயிரைக் காக்கும்பொருட்டு, தாம் அரிதிற் பெற்ற கொண்டாணாக் கோட்டையை அவர் சுல்தானிடமே திருப்பி ஒப்படைக்க நேர்ந்தது. மறு ஆண்டில் ஷாஹாஜி விடுதலை பெற்றார். அதே காலத்தில் நாயக்க மன்னர்களின் ஆட்சி முடிவுற்றுச் செஞ்சி பீஜப்பூர் வசமாயிற்று. தந்தையை விலங்கோடு கண்ட மலையடிவாரம் அது என்பதை அம்மகன் மறந்திருத்தல் இயலாது.

சிவாஜி 1630-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சிவனேரிக் கோட்டையில் பிறந்தவர். அன்னை ஜீஜாபாயின் மடியில் இராமாயண பாரதக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 1659-இல் அப்சல்கானை வென்றதும், 1665-இல் புரந்தர் உடன்படிக்கையில் 23 கோட்டைகளை இழந்து 12 கோட்டைகளோடு நின்றதும், 1666-இல் ஆக்ராவில் ஔரங்கசீப்பின் காவலிலிருந்து தப்பியதும், 1670 முதல் இழந்தவற்றை ஒவ்வொன்றாக மீட்டதும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகள். ஈண்டு அவற்றை விரிப்பிற் பெருகும்.

1673-ஆம் ஆண்டளவில் அவரிடம் நாடு இருந்தது, கோட்டைகள் இருந்தன, குதிரைப்படையும் காலாட்படையும் கடற்படையும் இருந்தன. முடி மட்டும் இல்லை. பீஜப்பூர் சுல்தானின் கண்ணில் அவர் ஒரு ஜாகீர்தாரின் கலகக்கார மகன். மொகலாயப் பாதுஷாவின் கணக்கில் ஒரு ஜமீன்தார். மராத்தியப் பிரபுக் குடும்பங்கள் சிலவற்றின் எண்ணத்தில் தங்களுக்குச் சமமானவர், அவ்வளவே. முடிசூடாத ஒருவர் செய்யும் உடன்படிக்கை நிலைக்குமா? அவர் அளிக்கும் நிலமானியமும் கோயில் மானியமும் அவர் காலத்துக்குப் பின்னும் செல்லுமா? இவ்வையங்களை வாளால் தீர்க்க முடியாது. சாஸ்திரோக்தமான அபிஷேகம் ஒன்றே அவற்றைத் தீர்க்கவல்லது. ஆகவே இவ்விழாவை வீண் ஆடம்பரம் என்று கருதுதல் பொருந்தாது. ஓர் அரசின் அஸ்திவாரக் கல்லே அது.

முதல் தடை பணமன்று, குலம். மகுடாபிஷேகம் க்ஷத்திரியர்க்கே உரியது என்பது அக்காலத்துப் பண்டிதர்கள் துணிபு. போன்ஸ்லே குடும்பத்துக்கு உபநயனம் முதலிய சம்ஸ்காரங்கள் நெடுங்காலமாக நடைபெறவில்லை. இக்குடும்பம் உதயப்பூர் சிசோதிய மன்னர்களின் கிளை என்று காட்டும் வமிசாவளியைத் தேடிச் சேர்க்கும் பணியை, காரியதரிசி பாலாஜி ஆவஜி முதலியோர் மேற்கொண்டனர். அவ்வமிசாவளி பற்றி வரலாற்றறிஞரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஏற்று அபிஷேகத்தை முன்னின்று நடத்த இசைந்தவர், காசியில் பெரும்புகழ் பெற்றிருந்த விசுவேசுவரர் என்னும் காகா பட்டர். பைட்டணத்திலிருந்து காசிக்குக் குடியேறிய மராத்திய அந்தணக் குடும்பத்தினர் அவர்.

அடுத்த தடை விதிமுறை. சுதந்திரமான இந்து அரசர் ஒருவர் முழு வைதிக முறைப்படி முடிசூடும் காட்சி அந்நாட்டில் பல தலைமுறைகளாக நிகழ்ந்ததில்லை. எந்தக் கலசத்தை எத்திசையில் வைப்பது, எத்தனை நாள் ஹோமம், யார் யார் எப்பொருளை ஏந்தி நிற்பது என்பவற்றைச் சொல்ல அனுபவஸ்தர் எவரும் இலர். பண்டிதர்கள் இதிகாசங்களையும் நீதி நூல்களையும் ஆராய்ந்தனர். உதயப்பூர், ஆம்பேர் அரண்மனைகளின் வழக்கத்தை அறிந்து வரத் தூதர்கள் சென்றனர். இங்ஙனம் தொகுத்த விதிகளைக் காகா பட்டர் ஒரு பத்ததியாகவே வகுத்தளித்தார்.

மூன்றாவது தடை மலை. விழா நடத்தக் குறித்த இடமோ ராய்கட். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,700 அடி உயரம், பக்கங்கள் செங்குத்தானவை. அங்கே அரண்மனை, கொலுமண்டபம், கடைவீதி, குளங்கள், ஜகதீசுவரர் ஆலயம் ஆகியவற்றைச் சமைத்தவர் ஹிரோஜி இந்துல்கர் என்ற நிர்மாண அதிகாரி. அவர் தம் பெயரைக் கோபுரத்திலோ வாயிலின் உச்சியிலோ பொறிக்கவில்லை. ஆலயத்தின் படிக்கல் ஒன்றில், தாம் தொண்டுக்கு எப்போதும் சித்தமாயிருப்பவர் என்று மட்டும் பொறித்து வைத்தார். வரும் அடியார் ஒவ்வொருவரின் பாததூளியும் படுமிடத்தில் அக்கல் இன்றும் கிடக்கிறது. திருப்பணி செய்வோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய கல் அது.

விழாவுக்கு நெடுநாள் முன்னரே வேத பண்டிதர்கள் பல திசைகளிலிருந்தும் ராய்கட்டுக்கு வரத் தொடங்கினர். வந்த அந்தணர் 11,000 பேர் என்றும், மனைவி மக்களோடு எண்ணினால் 50,000 பேர் என்றும், நான்கு மாதம் அவர்கட்கு அறுசுவை உணவு அளிக்கப்பட்டது என்றும் மராத்திய வரலாறுகள் கூறுகின்றன. எண்ணிக்கையில் மிகைப்பாடு இருப்பினும் இருக்கலாம். அதில் பாதியே ஆயினும், அரிசியும் நெய்யும் வெல்லமும் விறகும் அம்மலைக்கு ஆளின் தோளிலும் மாட்டின் முதுகிலும் ஏறியாக வேண்டும். காலமும் நெருக்கியது. கொங்கணத்தில் ஜூன் முதல் வாரத்தைத் தாண்டினால் மழை பிடித்துக்கொள்ளும். பின்னர் மலைப்பாதையில் மனிதர் ஏறுவதும் அரிது. குறித்த முகூர்த்தம் தவறினால் அவ்வாண்டு விழா இல்லை என்பதை அறிந்தே எல்லோரும் உழைத்தனர்.

மே மாதத்தில் சிவாஜி பிரதாப்கட் சென்று தம் இஷ்ட தெய்வமாகிய பவானி அன்னையைத் தரிசித்து, ஒன்றேகால் மணங்கு எடையுள்ள பொற்குடை ஒன்றைச் சமர்ப்பித்தார். மலைக்குத் திரும்பியபின் சடங்குகள் தொடங்கின. மே 29-ஆம் நாள், தம் 44-ஆம் வயதில், அவர் பூணூல் தரித்தார். அன்று காகா பட்டருக்கு 7,000 வராகனும் ஏனைய அந்தணர்க்கு 17,000 வராகனும் தட்சிணையாக வழங்கப்பட்டன. மறுநாள் தம் தேவியரையே மீண்டும் வைதிக முறையில் மணந்தார். போர்களிலும் சூறைகளிலும் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த உயிர்க்கொலைகளுக்குப் பிராயச்சித்தம் செய்தல் வேண்டும் என்று பண்டிதர் இருவர் எழுப்பிய வினாவுக்கும் பொருள் கொடுத்தே விடை காணவேண்டியிருந்தது.

அடுத்தது துலாபார தானம். தராசின் ஒரு தட்டில் மன்னர் அமர, மறு தட்டில் பொன் வராகன்கள் குவிக்கப்பட்டன. சுமார் 16,000 வராகன் ஏறியதும் தட்டுகள் சமநிலை எய்தின என்று, அவ்வமயம் மலையில் தங்கியிருந்த ஆங்கிலேயத் தூதர் ஹென்றி ஆக்ஸிண்டனின் குறிப்பால் அறிகிறோம். ஒரு வராகனின் எடை ஏறத்தாழ 3.4 கிராம். கணக்கிட்டால் மன்னரின் எடை 55 கிலோவுக்கு மேற்படாது. ஆலம்கீர் பாதுஷாவின் உறக்கத்தைக் கெடுத்தவர் அத்துணை மெலிந்த உடலினர்! பொன்னையன்றி வெள்ளி, செம்பு முதலிய உலோகங்களாலும், கற்பூரம், நெய், சர்க்கரை, பழவகைகளாலும் அவ்வாறே நிறுத்துத் தானம் செய்யப்பட்டது. துலாபாரப் பொன்னோடு மேலும் ஒரு லட்சம் வராகன் அந்தணர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட இருந்தது என்பதும் அத்தூதரின் குறிப்பே.

1674-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், ஆனந்த வருஷம், ஜேஷ்ட மாதத்துச் சுக்கில திரயோதசி. முதல் நாள் உபவாசமிருந்த மன்னர் விடியலுக்கு முன் நீராடி, குலதெய்வத்தை வணங்கி, அன்னையாரின் பாதங்களில் வீழ்ந்து ஆசி பெற்றுப் பொன் முலாம் பூசிய ஆசனத்தில் அமர்ந்தார். கும்பாபிஷேக வைபவங்களைத் தரிசித்துப் பழகிய அன்பர்களுக்கு அதன்பின் நிகழ்ந்தது புதிதாகத் தோன்றாது. புண்ணிய நதிகளின் தீர்த்தம் நிறைந்த கலசங்களை ஏந்தி எட்டு அமைச்சரும் எட்டுத் திக்குகளில் நின்றனர். நெய்யும் பாலும் தயிரும் தேனும் தனித்தனிக் குடங்களில் இருந்தன. வேதகோஷமும் வாத்தியமும் முழங்க அக்கலச நீர் மன்னரின் திருமுடிமேல் சொரியப்பட்டது. சுமங்கலிகள் பதினறுவர் பொற்றட்டில் ஐந்து சுடர் ஏற்றி ஆரத்தி எடுத்தனர். பின்னர் அவர் சிம்மாசனம் ஏற, காகா பட்டர் முத்துக்குடையை அவர் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துச் சத்திரபதி என அழைத்தார். சத்திரம் என்றால் குடை. குடைக்கு உரியவரே சத்திரபதி.

காலை ஏழெட்டு மணியளவில் கொலுமண்டபம் புகுந்த ஆக்ஸிண்டன், சிம்மாசனத்தின் வலப்பக்கம் ஈட்டி முனைகளில் பொன்னால் செய்த இரண்டு மீன்தலைகளையும், இடப்பக்கம் குதிரை வால்களையும், நீதியின் சின்னமாகத் தொங்கிய பொற்றராசையும் கண்டார். கடலாட்சியும் குதிரைப்படையும் அறமும் அவ்வரசின் மூன்று பலங்கள் என அச்சின்னங்கள் அறிவித்தன போலும். வாயிலில் நின்ற இரு சிறு யானைகளைக் கண்டபோது, இவை இம்மலைமேல் எவ்வழியாக ஏறின என்று அவர் வியந்துபோனார்.

இவ்வளவுக்கும் ஆன செலவு எவ்வளவு? சிவாஜியின் அரசவையைச் சேர்ந்தவரும், அவர் மறைவுக்குப் பின் அவர் சரித்திரத்தை எழுதியவருமான சபாசத், சிம்மாசனம் மட்டும் 32 மணங்கு பொன் என்றும், விழாவின் மொத்தச் செலவு 1 கோடியே 42 லட்சம் வராகன் என்றும் கூறுகிறார். பிற்கால ஆராய்ச்சியாளர் எவரும் இதனை அப்படியே ஒப்புவதில்லை. பல மடங்கு குறைத்தே மதிப்பிடுகின்றனர். குறைத்த தொகையும் ஓர் இளம் அரசுக்குப் பெருஞ்சுமையே. அப்பொருள் வந்த வழிகளையும் மறைக்காது சொல்லுதல் முறை. ஒழுங்காக அளந்து தீர்வை விதித்த நிலங்களின் வருவாய் ஒன்று. அயல் நாடுகளில் வசூலித்த சௌத் என்னும் நாலிலொரு பங்கு மற்றொன்று. 1664-லும் 1670-லும் சூரத்து நகரில் திரட்டிய பெருநிதி வேறொன்று. அந்நிதியில் சூரத்து வணிகர்களின் கண்ணீரும் கலந்திருந்தது. பரம்பரை உரிமை பெற்ற வதன்தார்கள் மீது சிம்மாசனப் பட்டி என்ற தனி வரியும் விதிக்கப்பட்டது. விழாவுக்குக் குடிபடைகள் செலுத்தும் காணிக்கையை வரியாகவே ஆக்கிவிட்டனர் எனலாம்.

விழா முடிந்த பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள், ஜூன் 17-ஆம் நாள், ஜீஜாபாய் அம்மையார் மலையடிவாரத்துப் பாச்சாட் கிராமத்தில் காலமானார். மகன் குடைக்கீழ் அமர்ந்ததைக் கண்டுவிட்டுக் கண்மூடியது அத்தாய் பெற்ற பேறு. மன்னருக்கோ மாலை வாடுமுன் ஈமக்கடன்.

பொக்கிஷம் வற்றியிருந்தது, படைக்குச் சம்பளம் அளிக்க வேண்டும். ஜூலை நடுவில், கொட்டும் மழையில், மராத்தியப் படையின் ஒரு பிரிவு பேட்காவுன் என்னுமிடத்தில் பாசறை இட்டிருந்த மொகலாயத் தளபதி பகதூர்கானை ஏமாற்றித் தொலைவுக்கு இழுத்துச் செல்ல, மற்றொரு பிரிவு காவலற்ற பாசறைக்குள் புகுந்து ஒரு கோடி ரூபாயும் 200 உயர்சாதிக் குதிரைகளும் கவர்ந்தது. இதற்கிடையில், முதல் அபிஷேகத்தில் குறைகள் நேர்ந்தன என்றும், அன்னையாரின் மறைவு முதலிய துன்பங்கள் அவற்றின் பயனே என்றும் நிச்சல்புரி கோஸ்வாமி என்ற தாந்திரிகர் உரைக்க, செப்டம்பர் 24-ஆம் நாள் தாந்திரிக முறையில் இரண்டாவது அபிஷேகமும் நடைபெற்றது. அது மிகச் சிக்கனமாகவே நடந்தது. ஒரு முறை பட்ட அனுபவம் போதும் அல்லவா?

இந்நிலையில்தான் சத்திரபதியின் பார்வை தெற்கே திரும்பியது. சோழமண்டலக் கரையின் செல்வம் புகழ்பெற்றது. தந்தையார் ஈட்டிய கர்நாடகச் சொத்தில் தமக்குரிய பங்கு, தஞ்சையை ஆண்ட தம்பி ஏகோஜியிடம் இருந்தது. வடக்கே மொகலாயர் ஒருநாள் முழு வலிமையோடும் வருவர். அன்று ஒதுங்கி நிற்கத் தொலைவில் ஓர் அரண் வேண்டும். பொருளா, பங்கா, அரணா எது முதற்காரணம் என்று வரலாற்றாசிரியர் வாதிடுவர். மூன்றும் ஒரே பாதையில் கிடந்தன என்பதே உண்மை.

1677-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் புறப்பட்டுக் கோல்கொண்டா சேர்ந்தார். அபுல்ஹசன் குதுப்ஷாவும், அவருடைய அமைச்சர்களாகிய மாதண்ணா, அக்கண்ணா சகோதரர்களும் அவரைச் சிறப்புற வரவேற்றனர். படையெடுப்புச் செலவுக்கு நாளொன்றுக்கு 3,000 வராகன் கோல்கொண்டா அளிப்பது என உடன்பாடு ஆயிற்று. ஊர் மக்களின் பொருளைக் காசு கொடாது எடுக்கலாகாது என்று தம் வீரர்க்கு அவர் கண்டிப்பான ஆணையும் இட்டிருந்தார். ஸ்ரீசைலத்தில் மல்லிகார்ஜுனரைத் தரிசித்தபோது உள்ளம் உருகித் தம் தலையையே ஈசனுக்குக் காணிக்கையாக்கத் துணிந்தார் என்றும், உடனிருந்தோர் தடுத்தனர் என்றும் கூறுவர். அங்கே வடக்குக் கோபுரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சென்னையை அணுகிய மே மாதத்தில், விஷமுறிவு மருந்துகள் சில வேண்டுமென்று ஆங்கிலேயருக்கு ஆள் அனுப்பினார். விலை தர அவர் சித்தமாயிருந்தும், சுமார் 60 வராகன் மதிப்புள்ள அவற்றை அவர்கள் விலையின்றியே அளித்து மகிழ்வித்தனர். சென்னைக் காளிகாம்பாள் திருக்கோயிலில் அவர் வழிபட்டார் என்பது அக்கோயிலாரின் மரபு.

அம்மாதத்திலேயே செஞ்சி அவர் வசமாயிற்று. பீஜப்பூர்ச் சார்பில் கோட்டையை வைத்திருந்த நாசிர் முகம்மது, பணமும் ஜாகீரும் தருவதாகச் சொன்னதன்பேரில் கோட்டையை ஒப்படைத்தார். தந்தை சிறைப்பட்ட இடத்தில் 29 ஆண்டுகட்குப் பின்னர் மகன் பெரும்போர் எதுவுமின்றிக் கொடி நாட்டினார்.

ஒரு கோட்டையைப் பெறுவது வேறு, வைத்துக் காப்பது வேறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் இணைத்த மதிலை வலுப்படுத்தி, புதிய அரண்களும் கொத்தளங்களும் எழுப்பி, அகழி தோண்டி, நீர்நிலைகள் அமைத்து, கண்டோர் திகைக்கும்வண்ணம் அவர் செய்வித்த வேலைகளைத் தமிழ்நாட்டிலிருந்த ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் வியந்து எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியச் சிற்பிகளும் குறை கூற இயலாத நேர்த்தி என்பது அவர் மதிப்பு. ராஜகிரி உச்சியில் அரங்கநாதரும், இடைவழியில் கமலக்கண்ணியம்மனும், கீழே வேங்கடரமணரும் எழுந்தருளியிருக்கும் கோட்டை அது. கர்நாடகத்தில் அவர் பெற்ற நாட்டின் ஆண்டு வருவாய் 20 லட்சம் வராகன் என்று சபாசத் கணக்கிடுகிறார். வற்றிய பொக்கிஷம் நிரம்பியது. நிரம்பியதில் ஒரு பகுதி செஞ்சியின் கல்லும் சுண்ணாம்புமாக மாறியது. ரகுநாத நாராயண ஹனுமந்தேயிடம் இப்பகுதியின் ஆட்சியை ஒப்புவித்துவிட்டு, அவ்வாண்டின் இறுதியில் அவர் வடக்கே மீண்டார். செஞ்சியை அவர் மறுமுறை காணவில்லை. 1680-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் ராய்கட்டில் அவருடைய ஆவி பிரிந்தது.

அதன்பின் ஒன்பது ஆண்டுகளில், அவர் அஞ்சியது அனைத்தும் நிகழ்ந்தது. 1689-இல் மூத்த மகன் சம்பாஜி ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டார். அவ்வாண்டே ராய்கட் வீழ்ந்தது. அம்மலையில் அச்சிம்மாசனம் இருந்த மேடை இன்றும் உண்டு, சிம்மாசனம் இல்லை. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே ஓடிவந்து, அவ்வாண்டின் இறுதியில் செஞ்சிக்குள் புகுந்தார். பொன்னாசனம் இல்லாமலே மராத்திய அரசு இங்குக் கொலுவிருந்தது. எட்டு அமைச்சர் சபை இங்குக் கூடியது. மானியங்களும் ஆணைகளும் இங்கிருந்து சென்றன. மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் 1690 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இம்மலைகளைச் சூழ்ந்து கிடந்தும், சத்திரபதி வலுப்படுத்திய மதில்கள் அவருக்கு எளிதில் வழிவிடவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 மராத்தியக் கோட்டைகளின் தொகுதியில் ராய்கட்டோடு செஞ்சியும் சேர்ந்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இஃது ஒன்றே.

1698-இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. ஜுல்பிகர்கான் ராஜகிரியில் ஏறியபோது ராஜாராம் அங்கு இல்லை. சில வாரங்களுக்கு முன்னரே அவர் கோட்டையை விட்டு நீங்கித் தம் நாட்டை நோக்கிச் சென்றுவிட்டிருந்தார்.